சனி மூலையில் பிடுங்கிய செடிகள்

தூத்துக்குடியில் ஒரு மிளகாய் வத்தல் குடோனில் பதிமூன்று வருஷம் மூட்டை தூக்கினேன். அதற்குப் பிறகு இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து, அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசலில் மிளகாய் போட்டேன். எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கிணறு கிடையாது. மழை பெய்தால் பயிர்.

முதல் இரண்டு வருஷமும் நோய் வந்து கொண்டுபோய்விட்டது. மூன்றாவது வருஷம் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. சுருக்கமாகத்தான் எழுத வரும்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். காய் பச்சையாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பழுக்க ஆரம்பித்ததும் பழத்தில் ஓர் இடம் குழியும். நகக்கண் அளவு வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். நடுவில் மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். இரண்டு நாளில் பழம் வெளிறி வைக்கோல் நிறமாகும். காயப்போட்டால் வெள்ளையாக நிற்கும். அதைச் சண்டு வத்தல் என்போம். வியாபாரி காலால் ஒதுக்குவார். செடியும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். விவசாய ஆபீசில் பூஞ்சாணம் என்கிறார்கள். எங்கள் ஊரில் பழ அழுகல் என்போம். பெயர் எதுவானாலும் அழுகினால் அழுகினதுதான்.

நிலம் எனக்கும் அண்ணனுக்கும் கூட்டுப் பட்டா. அண்ணன் ஆத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டாம் வருஷப் பயிரும் சண்டாகப் போன பிறகு, ஒரு நாள் காலையில் பைக்கில் வந்தார். பின்னாலேயே இன்னொரு பைக். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிறவர். கக்கத்தில் ஃபைல். எங்கள் நிலத்துக்குக் கிழக்கேயும் மேற்கேயும் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. நடுவில் நாங்கள் மட்டும்தான் மிச்சம்.

"இருவத்தஞ்சு வருசக் குத்தகை அண்ணாச்சி. நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம். எல்லாம் வெயிலு பாத்துக்கிடும்," என்றார் வந்தவர்.

"அப்ப நான் என்ன செய்ய?"

"சும்மா இருக்கலாம்லா."

"அது எனக்கு வராது."

அண்ணன் என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"ஏலே, ரெண்டு வருசமா என்னத்தக் கண்ட? செடியக் கண்ட, சண்டக் கண்ட. எனக்கும் இதுல பாதி இருக்கு. வீம்பு பிடிக்காத."

"இன்னும் ஒரு வெள்ளாமை குடுங்கண்ணே. மாசி மாசம் வந்து பாருங்க. கூடைக்கு ஒரு கைக்கு மேல சண்டு இருந்தா நானே கையெழுத்துப் போடுதேன்."

"யாரு கை? ஒன் கையா, என் கையா?"

"ஒங்க கைதான்."

"சரி. மாசி. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது," என்றார். ஃபைல்காரரிடம் என்ன சொன்னாரோ, அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத நம்பி அப்படிச் சொன்னிய?"

"செய்யலாம்னு நம்பித்தான்."

"நோய்க்குத் தெரியுமா அது?" என்றாள்.

ஆடி மாதம். அவள் விதை எடுக்க உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் விதை பெண்கள் பொறுப்பு. வத்தலை உடைத்து, விதையை உதிர்த்து, சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வைப்பார்கள். முறத்தில் அவள் வைத்திருந்த வத்தலைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. எல்லாம் சண்டு.

இது அவள் மட்டும் செய்கிற காரியம் அல்ல. ஊரே அப்படித்தான் செய்யும். நல்ல சிவப்பு வத்தல் வியாபாரிக்கு. சண்டு வீட்டுக் குழம்புக்கும் விதைக்கும். தோல்தானே கெட்டது, உள்ளே விதை நன்றாகத்தானே இருக்கிறது என்பது கணக்கு. எனக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. என் அம்மாவும் அப்படித்தான் எடுத்தாள்.

அன்றைக்கு முறத்தில் விதையைப் பார்த்ததும் குடோன் ஞாபகம் வந்தது. ஒரு தடவை துறைமுகத்துக்குப் போன கண்டெய்னர் அப்படியே திரும்பி வந்தது. சாம்பிள் எடுத்ததில் பூஞ்சாணம் என்று சொல்லிவிட்டார்கள். மூட்டைகளை நாங்கள்தான் இறக்கினோம். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, தரம் பிரிக்கிற பெண்கள் ஒவ்வொரு வத்தலாக உடைத்துப் பார்த்தார்கள். கெட்ட வத்தலின் விதை எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். நல்ல விதை சந்தனம் போல மஞ்சள். கெட்டது துருப்பிடித்த ஆணி நிறம். தோலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

முறத்தில் இருந்ததில் பாதி துரு நிறம்.

"ஏளா, இத விதைக்காத," என்றேன்.

"பொறவு எத விதைக்க?"

"நோய விதைச்சுக்கிட்டு நோய் வருது வருதுன்னு அழுதுகிட்டு இருக்கோம். இந்த விதைக்குள்ளதான் அது இருக்கு."

"ரெண்டு வருசமா இதத்தான் விதைச்சோம். அப்ப எங்க போச்சு இந்தப் புத்தி?"

"குடோன்ல இருந்துச்சு. இப்பத்தான் வந்துச்சு."

அவள் ஒரு விதையை நகத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் காட்டிப் பார்த்தாள். பேசாமல் முறத்தைத் தள்ளி வைத்தாள். அவள் பேசாவிட்டால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

வீட்டில் நல்ல வத்தல் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடி போனேன். உப்பளத்துக்குப் போகிற கூட்டத்தில் நின்றுகொண்டே போனேன். குடோன் முதலாளி அண்ணாச்சி, பழைய ஆள் என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

"இடுப்பு எப்படி இருக்கு? திரும்ப மூட்டைக்கு வாரியா?"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு கிலோ வத்தல் வேணும். நானே பொறுக்கிக்கிடுதேன்."

"ரெண்டு கிலோவுக்கா பஸ் ஏறி வந்த? போ, பொறுக்கு."

தரம் பிரிக்கிற பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து வத்தல் வந்திருந்த மூட்டையாகப் பார்த்துப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். காம்பு பச்சை மாறாமல் காய்ந்திருக்க வேண்டும். தோலில் ஒரு வெளிறல் இருக்கக் கூடாது. பத்துக்கு ஒன்றை உடைத்து விதை நிறம் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கால் கிலோகூடச் சேரவில்லை.

"எண்ணே, பொண்ணு பாக்க வந்தவுக கூட இப்படிப் பாக்க மாட்டாவ," என்றாள் ஒருத்தி.

"பொண்ணுன்னா ஒரு தடவ பாத்தாப் போதும்," என்றேன்.

"அதான் மதினி ஒங்ககிட்ட மாட்டிக்கிட்டா," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர்களே எனக்கும் பொறுக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் கைக்கு அது பழக்கம். மத்தியானத்துக்குள் இரண்டு கிலோ சேர்ந்துவிட்டது. அதில் நான் பொறுக்கியது அரைக் கிலோ இருந்தால் அதிகம்.

விவசாய ஆபீசில் டிரைக்கோடெர்மா விரிடி என்று ஒரு பச்சைப் பொடி கொடுத்தார்கள். விதைப்புக்கு முந்தின நாள் ஆறின வடிகஞ்சியில் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். அங்கே இருந்த மேடம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: இதுவும் ஒரு பூஞ்சாணம்தான், உயிர் உள்ளது, ரசாயன மருந்தோடு சேர்த்துக் கலக்கினால் செத்துப்போகும்.

வீட்டுக்காரி கஞ்சி எடுத்து வந்தாள்.

"பூஞ்சாணத்த ஒழிக்கப் பூஞ்சாணமா?"

"இது நல்ல பூஞ்சாணம். கெட்டத அண்ட விடாது."

"ஒங்க அண்ணன் தம்பி மாதிரியா? ஒண்ணு நல்லது, ஒண்ணு மத்தது?"

"இதுல நல்லது யாரு?"

"கேக்காதிய," என்றாள். விதையைப் புரட்டினாள்.

புரட்டாசிக் கடைசியில் உழுது தயார் செய்தோம். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். நின்ற தண்ணீர் நோய்க்கு வீடு. அதனால் நிலம் சரிகிற பக்கமாக மூன்று வாய்க்கால் வெட்டினேன். விதையை வழக்கத்தைவிட இடைவெளி விட்டுத் தூவ முடிவு செய்தேன். செடிக்குச் செடி காற்று போக வேண்டும்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது.

வயலின் வடகிழக்கு மூலையைச் சனி மூலை என்போம். விதைப்பு அங்கேதான் தொடங்கும். முதல் கை விதை வீட்டுப் பானை விதையாக இருக்க வேண்டும். அதை வீட்டுப் பெண்தான் தூவ வேண்டும். கடன் வாங்கின விதை, கடையில் வாங்கின விதை, எதுவானாலும் அடுத்த கையிலிருந்துதான். இது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் மீறிப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரி மடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தாள். நான் பார்த்தேன். அது பழைய பானை விதை.

"அது வேண்டாமே."

"ஒரு கைதான. வீட்டு விதை விழாம எப்படித் தொடங்க? ஒங்க அம்மா இருந்தா சும்மா இருப்பாளா?"

நான் யோசித்தேன். மூன்று ஏக்கரில் ஒரு கை. என்ன செய்துவிடும்? தலையை ஆட்டினேன். அவள் தூவினாள். ஆகவே அவள்மேல் மட்டும் பழி சொல்ல முடியாது. இரண்டு பேர் கையும் அதில் இருக்கிறது.

ஐப்பசியில் நல்ல மழை. முளைப்பு நன்றாக இருந்தது. கார்த்திகையில் களை எடுத்து, நெருக்கமாக இருந்த நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டோம். பக்கத்து நிலங்களில் சோலார் கம்பெனி கம்பி வேலி போட்டுக்கொண்டிருந்தது. வேலி போடுகிற வடநாட்டுப் பையன்கள் எங்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பின்னால் காய் விட்டதும் அவர்களுக்கு எங்கள் பச்சை மிளகாய் பிடித்துப்போனது. சோற்றோடு கடித்துத் தின்பார்கள்.

மார்கழி பாதியில் செடி இடுப்பு உயரம். பூவும் பிஞ்சும் காயுமாக நின்றது. இரண்டு வருஷமும் நான் பார்க்காத செடி. ஒரு நாள் வாய்க்கால் ஓரமாக நடந்து சனி மூலைக்குப் போனேன். ஒரு செடியின் நுனி காய்ந்திருந்தது. வைக்கோல் நிறம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி.

அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்த செடியிலும்.

நின்று பார்த்தேன். வீட்டுக்காரி ஒரு கை வீசினால் எவ்வளவு தூரம் விழுமோ அவ்வளவு தூரம்தான் நோய். விசிறி மாதிரி. அதைத் தாண்டி எல்லாம் பச்சை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே வந்தாள். பார்த்தாள்.

"நான் போட்டதுதான்," என்றாள்.

"நம்ம போட்டது."

"மருந்து அடிப்போமா?"

"அடிக்கணும். ஆனா இது நிக்கக் கூடாது. நின்னா தை மாசம் பழுக்கும்போது காத்துலயும் மழையிலயும் வயலு பூராப் போகும். பிடுங்கணும்."

"காய்ச்ச செடியவா?"

எங்கள் ஊரில் காய்த்து நிற்கிற செடியை யாரும் பிடுங்க மாட்டார்கள். நோய் வந்தாலும் காய் இருக்கிறவரை விட்டுவைத்து, கிடைத்ததைப் பறிப்பார்கள். பிடுங்குவது பாவம் என்பார்கள். பாவமோ இல்லையோ, மனசு வராது. ஒவ்வொரு செடியிலும் முப்பது நாற்பது காய் தொங்கியது.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் எனக்கு முன்னால் குனிந்தாள். முதல் செடியை அவளே பிடுங்கினாள். மண் உதறக்கூட இல்லை. சாக்கில் போட்டாள்.

"உதறாத. புள்ளி கொட்டும்," என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

எழுபது செடிக்கு மேல் இருக்கும். நோய் இருந்ததையெல்லாம் பிடுங்கினோம். அதற்குப் பிறகு நோய் தெரியாத இரண்டு சுற்றுச் செடிகளையும் பிடுங்கினோம். அதுதான் கஷ்டமாக இருந்தது. நன்றாக இருக்கிற செடியின் வேர் மண்ணை விடாது. இழுத்தால் முனகுகிற மாதிரி சத்தம் வரும். சாக்குகளை வயல் வழியே கொண்டுபோகாமல் வெளிவரப்பைச் சுற்றித் தூக்கிப்போய், ஓடைக்கரையில் போட்டு எரித்தோம். பச்சை மிளகாய் எரிகிற புகை. வேலி போடுகிற பையன்கள் இருமிக்கொண்டே ஓடினார்கள். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். புகைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டோம்.

அன்று மத்தியானம் டவுனில் உரக்கடைக்குப் போனேன். பூஞ்சாணத்துக்கு அடிக்கிற மேன்கோசெப் கேட்டேன். கடைக்காரர் மூன்று பாக்கெட் எடுத்து வைத்தார்.

"இது பூஞ்சாணத்துக்கு, இது பூச்சிக்கு, இது பூ நிக்க. மூணையும் ஒரே டேங்க்ல கலக்கி அடிங்க அண்ணாச்சி. ஒரே வேலையா முடிஞ்சிரும்."

"முடிஞ்சிரும்தான். பயிரும் சேத்து முடிஞ்சிரும். எனக்கு முதல் பாக்கெட் மட்டும் குடுங்க."

"ஒங்க இஷ்டம்," என்று மற்ற இரண்டையும் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வைத்தார்.

லிட்டருக்கு இரண்டு கிராம். வீட்டுக்காரி ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வடிகட்டி ஊற்றினாள். நான் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு அடித்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டி, மூக்கில் துண்டு கட்டி அடித்தேன். பிடுங்கின இடத்தைச் சுற்றி நன்றாக நனைய அடித்தேன். மூன்று ஏக்கரும் முடிக்க இரண்டு நாள். இடுப்பு என்னைத் திட்டியது. கேட்டுக்கொண்டேன்.

தை பிறந்தது. பொங்கலுக்குப் பிறகு காய் பழுக்கத் தொடங்கியது. அப்போது வந்தது மழை. தையில் பெய்யக் கூடாத மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஊரில் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு வயலில் போய் நின்றார்கள். செடியை ஆட்டித் தண்ணீரை உதறினார்கள். வீட்டுக்காரி கிளம்பினாள். நான் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"போகாத."

"பாத்துட்டு மட்டும் வாரேன்."

"ஈரத்துல செடியத் தொட்டா, தொட்ட கையிலயே நோய் அடுத்த செடிக்குப் போகும். சேலையில ஒட்டியும் போகும். வாய்க்கால் தண்ணிய வடிச்சிரும். நம்ம போயி ஒண்ணும் செய்யப்போறதில்ல."

"மூணு நாளு வீட்டுல இருந்து என்ன செய்ய?"

"சும்மா இருக்கணும்."

"அது ஒங்களுக்கு வராதுன்னு சொன்னியளே," என்றாள். அவள் கேலிக்கு நேரம் காலம் கிடையாது.

மூன்று நாளும் உள்ளேயே இருந்தோம். நான் தார்ப்பாயில் ஓட்டை அடைத்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். கல் இல்லாத அரிசியிலும் பொறுக்கினாள். மழைச் சத்தம் ஏறும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

நாலாம் நாள் வெயில். அதற்கும் மறுநாள், செடி நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளே போனேன். வரிசை வரிசையாகப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிற்கவில்லை. பழம் சிவப்பாக இருந்தது. ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு பழத்தில் குழி. பறித்துப் பையில் போட்டேன். அந்தச் செடியைச் சுற்றிப் பார்த்தேன். வேறு இல்லை. மூன்று ஏக்கர் முடித்தபோது பையில் இருபத்து நாலு பழம். சனி மூலைக்குப் பக்கத்தில் பதினைந்து, மற்ற இடத்தில் ஒன்பது. போன வருஷம் இந்த நேரம் ஒரு செடியிலேயே அவ்வளவு இருந்தது.

மறுபடியும் ஒரு தடவை மருந்து அடித்தேன். மருந்து அடித்தால் பறிப்புக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, அத்தனை நாள் விட்டேன். ஊர் பறிக்கத் தொடங்கியபோதும் நான் தொடங்கவில்லை.

பறிப்புக்கு ஏழு பெண்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் பறிப்பு என்றால் விடியும் முன்பே. வெயிலுக்கு முன்னால் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவர்கள் கூடையோடு வந்தபோது செடியெல்லாம் பனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பனி காயட்டும். எட்டரைக்கு மேல இறங்குங்க," என்றேன்.

"எட்டரைக்கா? அப்பச் சோறு பொங்கறது யாரு, நீங்களா?" என்றாள் முன்னால் நின்ற அக்கா. எல்லாப் பறிப்புக்கும் அவள்தான் ஆட்களைக் கூட்டி வருவாள்.

"ஈரத்துல பறிச்சா நோய் பரவும்க்கா."

"இவரு செடிக்குச் சளி பிடிச்சிரும்ளா," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "ஆளுக்கு ஒரு துண்டு குடுங்க. ஒவ்வொரு செடிக்கா தல தொவட்டி விட்டுட்டுப் பறிக்கோம்."

"துண்டு இருந்தாக் குடுப்பேன்."

சிரித்தார்கள். ஆனால் வயலில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரி எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். எட்டரை வரை வரப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். இறங்கியபோது செடி காய்ந்திருந்தது. பறித்ததைத் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் கனமில்லாமல் பரப்பினோம். சாயங்காலம் பனி இறங்கும் முன் குவித்து மூடினோம். மறுநாள் வெயில் ஏறின பிறகு மறுபடியும் விரித்தோம். முதல் பறிப்பு நன்றாக வந்தது. ஆனால் முதல் பறிப்பு எப்போதும் நன்றாகத்தான் வரும். இரண்டாவதில்தான் தெரியும்.

மாசி இரண்டாவது வாரம் அண்ணன் வந்தார். சொல்லாமல் வந்தார். அன்று இரண்டாம் பறிப்பு. ஆட்கள் வயலில் இருந்தார்கள். அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் கிடந்த காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் இஷ்டத்துக்கு ஒரு வரிசையில் ஆரம்பித்தார். பாதியில் வேறு வரிசைக்கு மாறினார். அப்புறம் மேற்குக் கடைசிக்குப் போனார். நல்ல இடமாகப் பார்த்து நான் காட்டிவிடக் கூடாது என்று அவரே தேர்ந்தெடுத்தார். நான் தடுக்கவில்லை.

கூடை நிறைந்ததும் தார்ப்பாயில் கொட்டினார். குத்தவைத்து உட்கார்ந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பழமாகத் திருப்பிப் பார்த்தார். கடையில் வத்தல் வாங்கும்போது பார்க்கிற பார்வை அது. பறிக்கிற பெண்களும் கூடையை இறக்கிவிட்டு வந்து நின்றார்கள். அவர் புள்ளி இருந்ததை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். கூடை முடிந்தபோது உள்ளங்கையை மூடிப் பார்த்தார். கை மூடியது. பழம் வெளியே தெரியவில்லை.

"ஒங்க கை பெரிசு அத்தான்," என்றாள் என் வீட்டுக்காரி.

"என் கைன்னு ஒன் புருசன்தான சொன்னான்."

எழுந்து வயலைச் சுற்றி நடந்தார். சனி மூலையில் நின்றார். அங்கே வெறும் மண்.

"இங்க என்னலே பொட்டலாக் கெடக்கு?"

சொன்னேன். பானை விதை போட்டதையும் சொன்னேன், பிடுங்கினதையும் சொன்னேன்.

"காய்ச்ச செடியவா பிடுங்கினிய?"

"நான்தான் மொதச் செடியப் பிடுங்கினேன் அத்தான்," என்றாள் அவள்.

அண்ணன் அந்த மண்ணின் ஓரம்வரை நடந்தார். குனிந்து, ஓரத்தில் நின்ற செடியின் நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு சுத்து சேத்துப் பிடுங்கியிருக்கணும்லே," என்றார். "இந்த ஓரத்துல கொஞ்சம் இருக்கு பாரு."

பார்த்தேன். இருந்தது. எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அங்கேயே அந்த நாலு செடியையும் அவரே பிடுங்கினார். எங்கே போட என்று கேட்டார். ஓடைக்கரையைக் காட்டினேன்.

அவர் கையைக் கழுவும்போது ஃபோன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு எடுத்தார். ஃபைல்காரர்தான். அந்தப் பக்கம் பேசினது எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் பேசினது மட்டும் கேட்டது.

"ஆமா தம்பி, வயல்லதான் நிக்கேன்... இல்ல, இல்ல. எங்களத விட்டுட்டு ரெண்டு பக்கமும் போட்டுக்கிடுங்க... அதுக்கென்ன, நடுவுல இருந்தா ஒங்களுக்குத்தான் இடைஞ்சல், எங்களுக்கு இல்ல... எந் தம்பி வெள்ளாமை பாக்கான். அவ்வளவுதான்."

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். வீட்டுக்காரி அந்தப் பக்கமாகத் திரும்பிச் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். ரொம்ப நேரம் சரி செய்தாள்.

"இது இந்த வருசத்துக்கா, எப்பவுமா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

"அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம்," என்றார் அண்ணன். பைக்கில் ஏறி உட்கார்ந்தார். உதைக்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புரட்டாசி உழவுக்கு டிராக்டர் நான் சொல்லிவிடுதேன். நீ பாட்டுக்கு ஆளத் தேடி அலையாத."

"சரிண்ணே," என்றேன்.